நோட்டீஸ் என்பது தீர்ப்பல்ல!



காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? புரோக்கரிடம் ஓடுகிறார்கள். கடைசியில் அட்வான்ஸில் பாதியை விட்டுவிட்டு, சாமான்களை வண்டியில் ஏற்றுகிறார்கள். ஏன் இந்தப் பயம்? வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பதைச் சட்டமே தடுக்கிறது.

22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டது. எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளாததே இப்போது வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணம்! வாய்ப்பேச்சை நம்பி முப்பது வருடம் கடை நடத்தியவரின் கதி என்ன? கட்டட உரிமையாளர் பக்கம் வக்கீல் நிற்பார். இவர் தனியாக நிற்பார். அல்லது போகவே மாட்டார். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும். (உரிமையாளர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் நியாயத்தையும் நீதிமன்றம் கேட்கட்டும். இரு தரப்பையும் கேட்கட்டும் என்பதே நம் வாதம்.)

வக்கீலுக்குப் பணம்? அரசு கொடுக்க வேண்டும். 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதற்கான 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 9.11.1995 அன்று நடைமுறைக்கு வந்தது. இலவச உதவி பெறத் தகுதியானவர்களை அதன் 12-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. சிறுபான்மையினர் என்ற தனி வகை அதில் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள். ஆனால் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஒப்பந்தம் உங்கள் தாயார் பெயரில் இருந்தால், வழக்கு அவர் மீது வந்தால், அவருக்கு இலவச வக்கீல் உண்டு. ஆண்களுக்கு, வேறு வகையில் வராவிட்டால், வருமான வரம்பு பார்க்கப்படும்.

நியூயார்க் நகரம் 2017-இல் ஒரு சட்டம் இயற்றியது. வெளியேற்ற வழக்கில் சிக்கும் ஏழை வாடகைதாரருக்கு நகராட்சிச் செலவில் வக்கீல்! அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. இங்கோ, தேடிப் போகிறவருக்குத்தான் கிடைக்கிறது. நோட்டீஸைப் பார்த்து நடுங்குகிறவர் எங்கே தேடுவார்? வாடகை நீதிமன்ற வாசலிலேயே வக்கீல்களை அமர்த்த அரசு தனியாக நிதி ஒதுக்க வேண்டும். இது நம் வரிப்பணம், பிச்சை அல்ல!

அதுவரை இளைஞர்களே, நீங்கள் துணைக்குப் போங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி 15100. நோட்டீஸ், வாடகை ரசீது, அட்வான்ஸ் கொடுத்த சீட்டு, வருமானச் சான்று எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாய்தா தேதியை மட்டும் தவற விடாதீர்கள்.