போட்டிக்கு ஒரு ஸ்கோப், காட்டுக்கு ஒரு ஸ்கோப்

(குமாரபாளையத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘துப்பாக்கி சுடுதல் என்னும் விளையாட்டு’. அதைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள அனுமதி கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் நம் செட்டுக்காரர் ஒருவர் போன் பண்ணினார். மரவள்ளி போட்டிருக்கிறார். மூணே ராத்திரியில் அரை ஏக்கர் கிழங்கைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டுவிட்டது. “ஏம்ப்பா, மேட்ச்சுக்கு வச்சிருக்கிற ஸ்கோப்பைக் கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டுனா ராத்திரி பன்னி அடிக்கலாமா? அமெரிக்காவுல அப்படித்தான் பண்றாங்களாமே?” என்று கேட்டார். வயிற்றெரிச்சலில் கேட்ட கேள்வி. போனில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன். அவரும் மூணாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாருங்க.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் போட்டிக்குச் சுடுகிறவன் துப்பாக்கியில் ஸ்கோப்பே கிடையாது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் ஏர் ரைஃபிளில்தான். பின்பக்கம் ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை, முன்னால் ஒரு வளையம். 10 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் ‘பத்து’ என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கு சர்வதேச விதியில் இடமில்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று, ஓடும் இலக்கு. அந்த இலக்கில் என்ன படம் தெரியுமா? காட்டுப்பன்றி! 1972 முதல் 1988 வரை ஒலிம்பிக்கில் 50 மீட்டர் தூரத்தில் அட்டைப் பன்றியை ஓடவிட்டுச் சுட்டார்கள். அதற்கு ஸ்கோப் உண்டு. பிறகு 10 மீட்டருக்கு மாறி, 2004-ஓடு ஒலிம்பிக்கிலிருந்தே போய்விட்டது.

அமெரிக்கா கதை வேறு. அங்கே பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் தோண்டும் சின்னப் பிராணிகளை 200, 300 கஜத்திலிருந்து சுடுவது ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கும் அதே துப்பாக்கி. ஆகவே ஸ்கோப் மாற்றும் தொல்லை. நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கேயும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

மேட்ச் ஸ்கோப் 24 மடங்கு, 36 மடங்கு பெரிதாக்கும். குறுக்குக்கம்பி தலைமுடி போல இருக்கும். ஆனால் முன் லென்ஸின் அளவைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் லென்ஸ், 36 மடங்கு. கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றை 1 மில்லிமீட்டர் சொச்சம்தான். பட்டப்பகலில் போதும். பொழுது சாய்ந்தால் இருட்டு. அதே லென்ஸை 6 மடங்கில் வைத்தால் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர். வாலிபத்தில் நம் கண்மணி இருட்டில் அந்த அளவு விரியும். நம்ம வயசுக்கு 5 தேறினால் பெரிய காரியம். ஆக, அந்தி நேரத்துக்குக் குறைந்த பெருக்கமும் கொஞ்சம் தடித்த கம்பியும் உள்ள ஸ்கோப்தான் வேண்டும். இன்னொன்று, 36 மடங்கில் பார்க்கும் இடம் சுருங்கிவிடும். சித்திரை வெயிலில் நம் ஊர்க் காட்டைப் பார்த்தால் கானல் கொதிப்பதுதான் தெரியும்.

பாரலாக்ஸ் என்று ஒரு சங்கதி. தறிக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். நூல் எடை போடும் முள் தராசை நேரே நின்று பார்த்தால் ஒரு எடை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்னொரு எடை. முள்ளுக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் வருகிற கோளாறு. ஸ்கோப்பிலும் பிம்பம் விழும் இடமும் குறுக்குக்கம்பியும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால், கண் அசைந்தால் குறியும் அசையும். பெரிய ரைஃபிள் ஸ்கோப்பை 100 கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவது வழக்கம். அதை ஏர் ரைஃபிளில் மாட்டி 10 மீட்டரில் பார்த்தால் படம் மங்கும், குறி நீந்தும். அதோடு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதைக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப் சீக்கிரம் உதிர்ந்துபோகும்.

இனி கழட்டி மாட்டுவது. கோணத்தில் ஒரு ‘நிமிடம்’ பிசகினால் 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர், 50 மீட்டரில் பதினாலரை. 50 மீட்டர் அட்டையில் பத்தின் வட்டம் மொத்தமே 10.4 மில்லிமீட்டர். ஆக, மாட்டும்போது ஒரு நிமிடம் நகர்ந்தால் உங்கள் பத்தெல்லாம் ஒன்பது. அதனால் ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் சொந்த வளையம் இருக்க வேண்டும். வளையத்தை ஸ்கோப்பிலிருந்து கழட்டவே கூடாது, வளையத்தோடு சேர்த்துத்தான் துப்பாக்கியிலிருந்து எடுக்க வேண்டும். எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்ததோ அதே பள்ளத்தில் வைத்து, முன்பக்கம் தள்ளி, முட்டிய பிறகு ஸ்குரூவை மாற்றி மாற்றிச் சம இறுக்கமாக முறுக்குங்கள். இத்தனை செய்தாலும் நம்பாதீர்கள். என்.சி.சி.யில் 25 கஜத்தில் ஐந்து தோட்டா சுட்டு ‘குரூப்பிங்’ பார்த்தோமே, அது போல ஐந்து சுட்டுப் பார்த்து, எத்தனை கிளிக் திருப்பினோம் என்று நோட்டில் எழுதி வைத்தால்தான் கணக்கு. என் அபிப்பிராயம், கையில் காசு இருந்தால் மாற்றுவதே வேண்டாம். துப்பாக்கிக்கு ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். இல்லையென்றால் 4 முதல் 16 வரை மாற்றக்கூடிய நடுத்தர ஸ்கோப் ஒன்றே இரண்டு வேலையையும் முக்கால்வாசி செய்யும்.

சரி, நம் நண்பருக்கு வருவோம். அவருக்கு இதில் எதுவும் உதவாது.

மேட்ச் சுடும் .22 தோட்டா காட்டுப்பன்றிக்குக் காணாது. அடிபட்ட பன்றி கரும்புக்குள் புகுந்து, காலையில் தண்ணி கட்டப் போகிறவரைக் கிழிக்கும். ஆனால் மனுஷனுக்கு அந்தத் தோட்டா தாராளமாகப் போதும். அதன் டப்பாவிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருக்கிறார்கள். அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர். குமாரபாளையத்தைச் சுற்றி எந்தத் திசையில் 2.4 கிலோமீட்டருக்குத் தறிக்கூடமோ லைன் வீடோ இல்லாமல் இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம். ஆற்றுப் பக்கம் சுட்டால் அக்கரையில் பவானி. தண்ணீரில் பட்ட தோட்டா தவளைக்கல் மாதிரி எகிறும். ஸ்கோப் பன்றியைப் பெரிதாகக் காட்டும். பன்றிக்குப் பின்னால் இருட்டில் சைக்கிளில் வருகிறவரைக் காட்டாது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வரப்பு வழியாக வருகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டமும் விடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை நாமாகச் சுட முடியாது. 2015-ல் பீகாரிலும் 2016-ல் உத்தராகண்டிலும் மத்திய அரசு அதைத் தீங்குயிரி என்று குறிப்பிட்ட காலத்துக்கு அறிவித்தது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் அனுமதித்தால் பட்டியலில் உள்ள லைசென்ஸ்காரர் சுடலாம் என்று வந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் இங்கே பல பேர் குழம்புகிறார்கள். நம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3-க்கு மேல் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர் மட்டுமே. போட்டிக்காக லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியோடு பன்றி அடிக்கப் போனால் பன்றிக் கேஸ் ஒன்று, துப்பாக்கிக் கேஸ் ஒன்று.

மின்சாரக் கம்பி கட்டுவதையும் அவுட்டுக்காய் வைப்பதையும் பற்றி ஒரே வார்த்தை, வேண்டாம். 2020-ல் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த பழத்தைக் கடித்து ஒரு கர்ப்பிணி யானை வாய் சிதறிச் செத்தது ஞாபகம் இருக்கும். கம்பியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களே மாட்டிச் செத்த ஊர்கள் எத்தனையோ.

ஆகவே மாப்பிள்ளை, சாப்பாடு முடிந்ததும் நாம் உட்கார்ந்து வனச்சரக அலுவலகத்துக்கு மனு எழுதுவோம். சர்வே நம்பர், கிளறின பரப்பு, தேதி, போட்டோ, கிராம நிர்வாக அலுவலரின் சான்று எல்லாம் வேண்டும். பயிர்ச்சேத இழப்பீட்டையும் அதிலேயே கேட்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர் நாலு பேர் கையெழுத்தும் சேர்ந்தால் நல்லது. மத்தவங்க யாராவது ஸ்கோப் பார்க்க ஆசைப்பட்டால் என்னுடைய பழையது ஒன்று கைப்பையில் இருக்கிறது, துப்பாக்கி இல்லாமல்தான். மாடி வராந்தாவில் நின்று ஆற்றுப்பாலத்தைப் பார்த்தால் பாரலாக்ஸ் நன்றாகத் தெரியும்.