சாதாரண நாளையும் படம் பிடித்து வையுங்கள்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் ஆசிரியர்கள் கல்வியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அவற்றை நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் ஒரு சின்ன விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் போட்டோக்களைப் பற்றியும், உங்கள் பையில் இருக்கும் கைத்தொலைபேசியைப் பற்றியும், இந்நேரம் உங்கள் வாசலில் படுத்துக்கொண்டு நீங்கள் எப்போது வருவீர்கள் என்று பார்த்திருக்கும் நாயைப் பற்றியுந்தான் பேசப் போகிறேன்.

நம் வீடுகளில் போட்டோ இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாண ஆல்பம் இருக்கிறது. பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்திய படம் இருக்கிறது. தாத்தா இறந்தபின் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாலை சாத்திய படம் சுவரில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாத்தா விடியற்காலையில் வாசற்படியில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிய படம் இருக்கிறதா? பெரட்டுக்குப் போகுமுன் பாட்டி தலையில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்ட படம் இருக்கிறதா? தேடிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இருக்காது. நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் படம் உண்டு. நாம் உண்மையாக வாழ்ந்த மற்ற நாட்களுக்குப் படம் கிடையாது.

இதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டில் இந்நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதில் படமும் பெருவிரல் ரேகையும் இருக்கும். தோட்டத்தில் இருந்த நம் முன்னோர் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே அதுதான். அவர்கள் ஆசைப்பட்டு எடுத்ததல்ல. அரசாங்கம் கேட்டதால் எடுத்தது. அந்தப் படத்தில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் மனைவியோ பிள்ளையோ கிடையாது. பிற்காலத்தில் பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்தபோதும், இரவல் கோட்டு, திரையில் வரைந்த பூந்தோட்டம், காகிதப் பூச்சாடி. நம் சொந்த லயமும் நம் சொந்த முற்றமும் படத்துக்குள் வரவேயில்லை.

அன்பார்ந்த பெற்றோர்களே, பால் வெட்டியவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ச்சியான விடியலில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து, வெட்டுக் கோட்டிலேயே பால் உறைந்து விடும். மங்கு நிறைந்தபோது எடுக்காமல் விட்டு மழை வந்துவிட்டால் அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். மறுநாள் வெட்டினால் மறுநாள் பால் கிடைக்குமே தவிர, போன பால் திரும்பாது. வீட்டில் நடக்கும் சின்னச் சின்னக் காட்சிகளும் அப்படித்தான். முன் பல் விழுந்த மகள் சிரிக்கும் சிரிப்பு சில மாதங்கள்தான். அப்புறம் புதுப் பல் முளைத்து விடும்.

படக்கலையின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. பிரான்சு நாட்டைச் சேர்ந்த டாகேர் என்பவர் 1838இல் பாரிஸ் நகரத்து வீதி ஒன்றைப் படம் பிடித்தார். நல்ல நடமாட்டமுள்ள வீதி அது. ஆனால் அக்காலத்தில் ஒரு படம் பதிவாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். வண்டிகளும் குதிரைகளும் நடந்து போனவர்களும் படத்தில் பதியவேயில்லை. வீதியே வெறிச்சென்று தெரிகிறது. ஓரத்தில் ஓர் ஆள் மட்டும் தெரிகிறார். அவர் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்றிருந்தார். அவர் காலடியில் மெருகு போடும் தொழிலாளியும் மங்கலாகத் தெரிகிறார். நாம் அறிந்தவரை மனிதர் பதிந்த மிகப் பழைய படம் அதுதான். அரசரும் பிரபுவும் அல்ல. பெயர் தெரியாத ஒருவரும் அவருக்கு வேலை செய்த ஓர் ஏழையும் அதில் இருக்கிறார்கள். இதை என் மாணவர்களுக்குச் சொன்னபோது ஒரு பெண், "அப்போ ஓடிக்கிட்டே இருந்தவங்க எல்லாம் காணாமப் போயிட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். ஆம் அம்மா, படத்தில் அவர்கள் இல்லை.

அதன் பிறகு படப்பெட்டி எளிதாயிற்று. 1900இல் கோடாக் நிறுவனம் பிரவுனி என்ற பெட்டியை ஒரு டாலருக்கு விற்றது. ஒரு சுருளில் 36 படங்கள் எடுத்த காலத்தை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். சுருளும் காசு, கழுவுவதும் காசு. அதனால் திருவிழாவுக்கு மட்டும் எடுத்தோம். அதில் தப்பில்லை. பிறகு 1975இல் அதே கோடாக்கில் பணிபுரிந்த ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் சுருளே இல்லாத படப்பெட்டியைச் செய்து காட்டினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 வினாடிகள் பிடித்தன. இன்று அந்த வித்தை நம் ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது. காசு இல்லை என்ற காரணம் போய்விட்டது. பழக்கம் மட்டும் மாறவில்லை. இப்போதும் கேக் வெட்டும்போதுதான் போனைத் தூக்குகிறோம்.

இதை மாற்றிப் பார்க்கலாமென்று, நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "விசேஷமே இல்லாத ஒரு நாளைப் படம் எடுத்து வாருங்கள்" என்றேன். வகுப்பில் 14 பேர். பாதிப் பேர் பிறந்த நாள் படத்தைக் கொண்டுவந்தார்கள்! ஒரு பையன் மட்டும் தன் வீட்டு நாயின் படத்தைக் கொண்டுவந்தான். மணி என்று பெயர். காது ஒன்று நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருக்கும் சாதாரண நாய். லயத்து வாசலில் படுத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "ஏன் இதை எடுத்தாய்?" என்று கேட்டேன். "வருசக் கடைசியில நாங்க டவுனுக்குப் போறோம் டீச்சர். பிளாட்டு வீடு. நாய் வச்சுக்கக் கூடாதாம். மணிய மாமா வீட்ல விடப் போறாங்க. அதான் எடுத்தேன்" என்றான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் படத்தைத் தாளில் அச்செடுத்து அவன் பாட்டியிடம் காட்டினேன். அந்த அம்மாள் நாயைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தை விரலால் தடவி, "இந்தா தெரியுது பாருங்க டீச்சரம்மா, எங்க வீட்டுக்காரரு போட்ட விறகுக் கொட்டாய். அவரு போயி ஆறு வருசம் ஆச்சு. இத யாரும் படம் புடிச்சதே இல்ல" என்றார். நாம் நாயைத்தான் எடுக்கிறோம். படமோ பின்னால் இருக்கும் கொடியையும், கொடியில் காயும் சட்டையையும், கொட்டாயையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. எது பின்னாளில் பொன்னாகும் என்று எடுக்கும் நேரத்தில் யாருக்கும் தெரியாது.

தோட்டங்களின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் பல ஊர்களில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லயம் இடிந்தால் பத்தே நாளில் மண் மேடு. எங்கே கோயில், எங்கே தண்ணீர்க் குழாய், எங்கே பிள்ளைகள் கோலி விளையாடிய இடம் என்று அடையாளம் சொல்ல ஒரு சுவரும் இராது. அதனால்தான் இதைப் பொழுதுபோக்கு என்று நான் நினைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, நாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு நாய் சுமார் 10 முதல் 13 ஆண்டுகள் வாழும். நீங்கள் முதலாம் ஆண்டில் சேர்ந்து ஐந்தாம் படிவம் முடித்து எஸ்.பி.எம். எழுதப் பதினோர் ஆண்டுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் முதல் நாள் அழுதுகொண்டு பள்ளிக்கு வந்தபோது குட்டியாகப் பின்னால் ஓடிவந்த நாய், நீங்கள் பள்ளியை விட்டுப் போகும்போது கிழமாகிவிடும். உங்கள் பிள்ளைப் பருவம் முழுவதும் அதற்கு ஓர் ஆயுள்.

ஜப்பானில் ஹாச்சிக்கோ என்று ஒரு நாய் இருந்தது. அதன் எஜமானரான பேராசிரியர் 1925இல் இறந்துவிட்டார். அது தோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய் 1935இல் தான் இறக்கும்வரை அவருக்காகக் காத்திருந்தது. அதற்கு 1934இல் சிலை வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு அந்த நாயும் வந்திருந்தது! உயிரோடு இருக்கும்போதே செய்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. நம் மணிக்குச் சிலை வேண்டாம். ஒரு நல்ல படம் போதும்.

நாயைப் படம் எடுக்கும்போது நின்றுகொண்டு எடுக்காதீர்கள். முழங்காலிட்டு அதன் முகத்துக்கு நேரே போங்கள். பிளாஷ் வேண்டாம். நாயின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அதன் கண் மின்னுவதைப் பால் வெட்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் நல்லவை. தீபாவளியன்று வெடிக்கு நடுவில் அதைப் பிடித்து நிறுத்தாதீர்கள். நம் காது 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். நாயின் காது 40,000க்கு மேலும் கேட்கும். அன்று அது கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும். போய்த் தடவிக் கொடுங்கள்.

திருநாள் என்றதும் ஓர் எச்சரிக்கை. பொங்கல் பொங்கும்போது பத்துப் பேர் போனைத் தூக்கினால் பானையைப் பார்ப்பது யார்? அமெரிக்கப் பேராசிரியை லிண்டா ஹென்கல் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அரும்பொருளகத்தில் பொருள்களைப் படம் எடுத்துக்கொண்டே போனவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிட ஞாபகம் குறைவாக இருந்ததாம். ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை நெருக்கிக் காட்டி எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. ஆகவே முதலில் கண்ணால் பாருங்கள். பிறகு ஒன்றை நெருங்கிப் போய் எடுங்கள். அத்தை அதிரசம் தட்டும் கை, அப்பா தோரணம் கட்ட ஏறிய நாற்காலியைப் பிடித்திருக்கும் தம்பி, இவை போதும். எடுத்தபின் போனை உள்ளே வைத்துவிட்டுப் பலகாரம் சாப்பிடுங்கள்.

எடுத்தால் மட்டும் போதாது. வைத்துக் காப்பாற்ற வேண்டும். போன் தொலைந்தால் ஆயிரம் படமும் தொலையும். மாதம் மூன்று நான்கு படங்களையாவது தாளில் அச்செடுங்கள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். மை நம் ஊர் ஈரத்தில் ஊறி மறுபக்கம் வரும். பசை பூசிய ஆல்பம் படத்தை நாளடைவில் கெடுக்கும். 2021 டிசம்பர் வெள்ளம் ஷா ஆலம் ஸ்ரீமூடா வட்டாரத்தில் வீடுகளை மூழ்கடித்ததே, நினைவிருக்கிறதா? அதனால் ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பெயர் எழுதாத படத்தை இரண்டு தலைமுறை கழித்து யாரும் அடையாளம் காண மாட்டார்கள்.

பெற்றோர்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று மேடையில் பரிசு வாங்கும் பிள்ளைகளை எல்லாரும் படம் எடுப்பீர்கள். எடுங்கள். ஆனால் பரிசு வாங்காத பிள்ளைகளும் இன்று இங்கே இருக்கிறார்கள். நேற்று இரவு சட்டைக்கு இஸ்திரி போட்டுக் காலணிக்கு வெள்ளை பூசி வந்தவர்கள்தான் அவர்களும். அவர்களுக்கும் இன்று ஒரு படம் வேண்டும். கோப்பை கையில் இருந்தால்தான் அப்பா படம் எடுப்பார் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கக் கூடாது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை. நாளை அப்பா வேலை முடிந்து வரும்போது, அதே வேலைச் சட்டையோடு ஒரு படம் எடுங்கள். "அழுக்காக் கிடக்கேன், போடா" என்பார். விடாதீர்கள். நாய் வாலாட்டிக்கொண்டு அவரிடம் ஓடும். அதையும் சேர்த்து எடுங்கள். அந்தச் சட்டைதான் உங்கள் சீருடையை வாங்கியது.