பிழை நாணயமும் அதன் மேல்தோலும்

உலோக வில்லை ஒன்று நாணயமாவதற்கு, மேலும் கீழும் பொருத்தப்பட்ட இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையில், சுற்றிலும் ஒரு வளையம் அணைத்து நிற்க, பல டன் அழுத்தத்தை ஒரு கணம் தாங்க வேண்டும். அந்தக் கணத்தில் கெட்டியான உலோகமே குழைந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஓடி நிரம்புகிறது. நாணயவியலார் அச்சடிப்புப் பிழை என்று குறிப்பது அந்தக் கணத்திலோ, அதற்கு முந்தைய வேலைகளிலோ, நாணயம் அடிக்கும் அக்கசாலைக்குள் நேர்ந்த பிசகை மட்டுமே. வெளியே வந்தபின் சுத்தியலாலோ ரயில் தண்டவாளத்தாலோ அமிலத்தாலோ சிதைந்த காசு எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும் அது பழுதுபட்ட காசுதான்.

இவ்விரண்டையும் பிரித்தறிய உலோகம் ஓடிய விதத்தைப் படிக்க வேண்டும். முன்பு அடித்த நாணயம் வெளியேறாமல் ஒரு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் அந்த நாணயமே அச்சாகி, தன் உருவத்தை இடவலம் மாற்றி உட்குழிவாகப் பதித்துவிடும். புரோக்கேஜ் எனப்படும் இப்பிழை, கையால் சுத்தியலடித்து நாணயம் செய்த ரோமானியக் குடியரசின் தெனாரியஸ் வெள்ளிக்காசுகளிலேயே காணப்படுகிறது. இரண்டு காசுகளைப் பட்டறை வைஸில் இறுக்கியும் இதைப்போன்ற குழிவை உண்டாக்கலாம் என்றாலும், அப்போது அந்தப் பக்கத்தின் பழைய உருவம் நசுங்கிய நிலையில் அடியில் எஞ்சி நின்று காட்டிக்கொடுக்கும்.

விளிம்பில் பிறைபோல ஒரு துண்டு குறைந்த நாணயம் இன்னும் நுட்பமான சாட்சியம் தருகிறது. தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும் பொறி, ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் ஏறி விழுவதால் இக்குறை உண்டாகிறது. அதன்பின் வில்லையின் விளிம்பை மேடாக்கும் பொறி எதிரெதிர்ப் பக்கங்களை ஒருசேர அழுத்த முயலும்போது, ஒரு பக்கத்தில் உலோகமே இல்லாததால் அதற்கு நேரெதிரிலும் அழுத்தம் குன்றி, அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கலாகவே எழும். அரத்தால் அராவிய போலியில் எதிர்ப்பக்க விளிம்பு முழு உயரத்துடன் நிற்கும். கண்ணாடி லென்ஸ் ஒன்றைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத இச்சோதனை, நாணயவியலின் மிக அழகிய சோதனைகளில் ஒன்றாகும்.

இரட்டை எழுத்துகளில்தான் பலரும் ஏமாறுகின்றனர். அமெரிக்காவின் பிலடெல்பியா அக்கசாலையில் 1955இல் அடிக்கப்பட்ட லிங்கன் ஒரு சென்ட் காசுகளில், ஒரே அச்சிலிருந்து வந்த பல ஆயிரங்களில், ஆண்டும் வாசகமும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரிகின்றன. அக்காலத்தில் ஓர் அச்சைச் செய்ய மூல வார்ப்புருவை அதன்மீது பலமுறை அழுத்தினர். இரண்டாம் முறை அழுத்தும்போது அது இம்மியளவு திரும்பியிருந்ததே காரணம். இதற்கு மாறாக, அடித்த நொடியில் தளர்ந்த அச்சு நழுவி எழுத்தின் ஓரத்தைத் தேய்த்தால், படிக்கட்டுபோல் தட்டையான ஒரு நிழல் உண்டாகி, எழுத்து மெலிந்துவிடும். முன்னது அரிய பிழை. பின்னதற்குச் சிறப்பு மதிப்பு இல்லை. பிழைபோல் ஏமாற்றுவது இன்னொன்றும் உண்டு. இந்திய நாணயங்களில் ஆண்டின் கீழ் அக்கசாலை அடையாளமாக மும்பைக்குச் சாய்சதுரமும், ஹைதராபாத்துக்கு நட்சத்திரமும், நொய்டாவுக்குப் புள்ளியும் இடுவது வழக்கம் என்பதால், அடையாளமே இல்லாத காசைப் பிழை என்று எண்ணிவிடக் கூடாது. அது கொல்கத்தாவில் அடித்தது.

ஓடிய உலோகம் நாணயத்தின் மேற்பரப்பில் மிக நுண்ணிய கோடுகளை விட்டுச்செல்கிறது. புதிய காசைச் சாய்த்துச் சுழற்றும்போது ஒளி மேற்பரப்பில் சுழன்றோடுவது இவற்றால்தான். பிழை அக்கசாலையில் நேர்ந்ததா என்று தீர்மானிக்க வல்லுநர் நாடும் தடயமும் இவையே. காசைப் பளபளப்பாக்கப் பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்த்தால், புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செப்பின் பழுப்புப் படலத்தைக் கரைக்க, தேய்ப்பு அந்தக் கோடுகளை அழித்துவிடுகிறது. எலுமிச்சை, பற்பசை, சாம்பல், பித்தளை பாலிஷ் எல்லாம் இதே கேட்டையே செய்கின்றன. 1964 முதல் வந்த அலுமினியப் பைசாக்களோ அமிலத்தையும் காரத்தையும் ஒருசேரத் தாங்காதவை என்பதால், அவற்றைச் சமையல் சோடாவில் ஊறவைப்பதும் தவறு.

எனவே காலத்தால் படிந்த நிறத்தை விட்டுவிட்டு, அயல் அழுக்கை மட்டும் அகற்றுவதே முறை. மண்ணும் தூசியும் ஒட்டிய காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிமாற்றி, இறுதியில் மென்மையான பருத்தித் துணியில் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்குக்கும், பிவிசி பிளாஸ்டிக் உறைகள் விட்டுச்செல்லும் பச்சைப் பிசினுக்கும் தூய அசிட்டோன் உதவும். அது உலோகத்தைத் தொடாது, ஆனால் எளிதில் தீப்பற்றும் என்பதால், காற்றோட்டமான இடத்தில், அடுப்பருகே அல்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் மட்டுமே கையாள வேண்டும். நறுமணமும் நிறமும் சேர்த்த நகப்பூச்சு நீக்கி இதற்கு மாற்றாகாது.

செப்புக் காசில் கெட்டியாகப் படிந்த கரும்பச்சைக் களிம்பு பெரும்பாலும் கேடு செய்வதில்லை. வெளிர்பச்சையாகத் தூள்தூளாக உதிர்வது வெண்கல நோய். குளோரைடு உப்பும் காற்றின் ஈரமும் கூடி உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும் இந்நோய் கண்ட காசை உலர்வாகத் தனியே வைத்து, வேதியியல் பாதுகாப்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே தகும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இத்தகைய அரிப்பிலிருந்து வெண்கலத் திருமேனிகளைக் காக்கும் வேதியியல் கூடம் 1930களிலேயே இயங்கியது.