சுடுதண்ணி வைக்கும் முறை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எங்களைப் பொறுத்துக்கொண்ட பேராசிரியப் பெருமக்களே, அதைவிட அதிகமாகப் பொறுத்துக்கொண்ட மெஸ் அண்ணன்களே, அருமை நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய பெரிய விஷயங்களைச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சமையல் குறிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்பட வேண்டாம், குறிப்பில் மொத்தம் ஐந்து வரிதான்.

கடைசி வருடம் நாங்கள் ஏழு பேர் விடுதியை விட்டு வெளியே, சத்தியமங்கலத்தில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்கார அம்மாளைப் பேரப்பிள்ளைகள் "அம்மிச்சி" என்று கூப்பிடுவார்கள். இரண்டே நாளில் எங்களுக்கும் அவர் அம்மிச்சிதான். நாங்கள் குழாயைத் திறந்து அப்படியே குடிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, தண்ணி காய வெச்சுக் குடிக்க மாட்டீங்களா?" என்றார். எங்களில் ஒருவன் விளையாட்டாக, "எங்களுக்கு வெக்கத் தெரியாதுங்க அம்மிச்சி" என்று சொல்லி வைத்தான். அவர் அதை உண்மை என்றே நம்பிவிட்டார். மறுநாள் தான் சொல்லச் சொல்லப் பேத்தியை விட்டு எழுதச் சொல்லி, ஒரு முழுத்தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

"சுடுதண்ணி வெக்கிற முறை. 1. போசியில பாதி தண்ணி ஊத்தணும். 2. அடுப்பைப் பத்த வெச்சுப் போசிய மேல வெக்கணும். 3. தளதளன்னு கொதிச்ச பொறகு இன்னுங் கொஞ்ச நேரம் உடணும். 4. எறக்கி, மூடி போட்டு ஆற வெக்கணும். 5. பச்சத் தண்ணி கலக்கக் கூடாது."

நாங்கள் புதுப்படம் பார்த்துவிட்டு வந்தால் விகடன் மாதிரி நூற்றுக்கு மார்க் போடுகிற கூட்டம். இப்படி ஒரு குறிப்பு கிடைத்தால் சும்மா விடுவோமா? தாளின் அடியில் விமர்சனங்கள் ஆரம்பமாயின.

"சொன்னபடியே செய்தேன். சப்பென்று இருக்கிறது. உப்பு, காரம் பற்றி ஆசிரியர் மூச்சு விடவில்லை. 41 மார்க்." இது முதல் ஆள். அடுத்தவன் கும்பகோணத்துக்காரன்: "போசி எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பாத்திரம் பயன்படுத்தலாமா?" சிவில்காரன் ஒருவன், "பாதி என்றால் எதில் பாதி? வரைபடம் இணைக்கவும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். "இன்னுங் கொஞ்ச நேரம் என்பதை இரண்டு மணி நேரம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது போசி வறுவல் தயார்" என்று ஒருவன். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது இதுதான்: "வீட்டில் தண்ணீர் குறைவாக இருந்ததால் பால் சேர்த்தேன். வாசனைக்குக் கொஞ்சம் டீத்தூள், சர்க்கரை. ஆனால் சுடுதண்ணி மாதிரியே வரவில்லை. செய்முறையில் ஏதோ தவறு இருக்கிறது."

என் பங்குக்கு நான் அறிவைக் காட்டினேன். மேலே போகப் போக, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறையும். 27 கொண்டை ஊசி வளைவு ஏறித் திம்பம் போனால் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93. "ஆகவே இது எந்த ஊருக்கான செய்முறை என்று ஆசிரியர் தெளிவுபடுத்த வேண்டும்" என்று கால் பக்கம் எழுதினேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு முன்னோடி உண்டு என்று பிற்பாடுதான் படித்தேன். 1835-இல் டார்வின் ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது, உருளைக்கிழங்கு ராத்திரி முழுக்கக் கொதித்தும் வேகவில்லையாம். கூட வந்தவர்கள் கூடிப் பேசி, இது புதுப் பானை, அதற்குக் கிழங்கு வேக வைக்க இஷ்டமில்லை என்று முடிவு செய்தார்களாம். எங்கள் விமர்சனங்களின் தரமும் அதேதான். 1998-இல் இங்கிலாந்தில் டெலியா ஸ்மித் தொலைக்காட்சியில் முட்டை வேக வைப்பதிலிருந்து சமையல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தபோதும், பெயர்பெற்ற சமையல்காரர் ஒருவரே அது பார்ப்பவர்களை அவமதிப்பது என்று சொன்னார். நம் ஊரில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' போட்டபோது, சமையலைப் புத்தகம் பார்த்தா கற்றுக்கொள்வார்கள் என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் உறவுக்காரர்கள் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்ததால் பிறந்த புத்தகம் அது. தெரியாதவன் கேட்டான், அந்த அம்மாள் எழுதினார்.

நாங்கள் கேட்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

அம்மிச்சிக்குப் படிக்கத் தெரியாது. நாங்கள் தாளைச் சுற்றி நின்று சிரிப்பதைப் பார்த்து ஒருநாள், "நெம்பச் சிரிக்கறீங்களே சாமி, என்ன எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "நல்லாருக்குன்னு எழுதியிருக்கோங்க அம்மிச்சி" என்றோம். அதைப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிப் பெருமைப்பட்டாராம்.

நாங்கள் தண்ணீர் காய்ச்சாமல் இல்லை. முறை போட்டுக் காய்ச்சினோம். ஆனால் போசித் தண்ணீர் ஆறுவதற்கு எத்தனை நேரம் ஆகும்! வெயிலில் வந்து சேர்ந்தவனுக்குப் பொறுமை ஏது? என் முறை வரும்போதெல்லாம் தொட்டித் தண்ணீர் இரண்டு சொம்பு கலந்து வைத்துவிடுவேன். வெதுவெதுப்பாகப் பதமாக இருக்கும். அந்தத் தொட்டியைக் கழுவ வேண்டியவர்கள் நாங்கள்தான். கழுவியதாக நினைவில்லை.

எங்களில் ஒருவன் சென்னைப் பையன். வீட்டில் வடிகட்டிய தண்ணீர் மட்டுமே குடித்து வளர்ந்தவன். மஞ்சள் காமாலை அவனுக்குத்தான் வந்தது. நம்மில் பலருக்கு அந்தக் கிருமி சின்ன வயதிலேயே வந்து, வந்ததே தெரியாமல் போய்விடுமாம். அதன் பிறகு உடம்பு தாங்கிக்கொள்ளும். எங்கள் ஆறு பேருக்கும் ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம் என்றார் டாக்டர். கிருமி உள்ளே போய்ச் சுமார் நாலு வாரம் கழித்துத்தான் கண் மஞ்சளாகிறது. அதனால் எந்தச் சொம்புத் தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. ரோட்டோரக் கரும்புச்சாறும் குடித்தோம்தான். அப்படிச் சொல்லித்தான் என்னை நானே ரொம்ப நாள் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவன் படுத்திருந்த வாரத்தில்தான் கேம்பஸ் இன்டர்வியூ. எங்களில் நாலு பேருக்கு வேலை கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. அவனுக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான்.

அம்மிச்சி அவனைப் பார்க்க வந்தவர், சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பச்சத் தண்ணி கலந்தீங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் போன பிறகுதான் கவனித்தேன். முதல் நாலு வரிக்கும் பத்துப் பதினைந்து விமர்சனம் இருந்தது. ஐந்தாவது வரியைப் பற்றி ஒருவனும் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. கொதிநிலைக் கணக்கெல்லாம் போட்ட நான் அந்த வரி வரைக்கும் படித்தேனா என்பதே இப்போது சந்தேகம்.

வீட்டைக் காலி செய்தபோது அந்தத் தாளைப் பத்திரமாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனவன் அந்தச் சென்னைப் பையன்தான். இன்று இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தாளையும் கொண்டு வந்திருக்கிறான். தண்ணீர் கலந்தது நான் என்று இந்த மேடையில்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அவன் சிரிக்கிறதைப் பார்த்தால், முன்னாலேயே தெரியும் போலிருக்கிறது.

தாளின் கடைசியில், படுக்கையை விட்டு எழுந்ததும் அவன் எழுதிய விமர்சனம் இருக்கிறது. படிக்கிறேன்: "ஐந்தாவது வரியை மட்டும் விட்டுவிட்டுச் செய்து பார்த்தோம். நாற்பது நாள் படுக்கை. வரியைச் சேர்த்துச் செய்தால் நன்றாக வருகிறது. நூற்றுக்கு நூறு."

அதை அவனே அம்மிச்சிக்குப் படித்துக் காட்டினான். கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுவிட்டு, "அப்ப மொதல்ல எழுதுனது?" என்றார் அவர்.