வீட்டுச் சுவருக்கு எந்தத் தண்ணீர்?



ஒரு கன மீட்டர் கான்கிரீட் கலக்க ஏறக்குறைய 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. இறுகிய கான்கிரீட் காய்ந்துவிடாமல் பல நாள் நனைத்து வைப்பதற்கும், கலவை லாரியின் உருளையைக் கழுவுவதற்கும் ஆகும் தண்ணீர் தனிக்கணக்கு. பல இடங்களில் இதற்கெல்லாம் போவது குழாயில் வரும் குடிநீர்தான். ஜோகூர் ஆற்று நீருக்கான 1962ஆம் ஆண்டு உடன்படிக்கை 2061இல் முடிவதை மனத்தில் வைத்து வாழும் சிங்கப்பூரில் இது சின்ன விஷயமல்ல.

“கழிவுநீரிலா வீடு கட்டுவது?” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. 2003 முதல் சிங்கப்பூர் தயாரிக்கும் புதுநீரும் ஒருகாலத்தில் கழிவுநீர்தானே! நுண்வடிப்பு, எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் ஆகிய படிகளைக் கடந்து வரும் அந்த நீரில் பெரும்பகுதி சில்லுத் தொழிற்சாலைகள் போன்றவற்றுக்குப் போகிறது. உண்மையைச் சொன்னால், கான்கிரீட்டுக்கு அவ்வளவு தூய்மை தேவையே இல்லை.

ஆனால் சில பொருள்கள் மட்டும் கலந்திருக்கவே கூடாது. சமையலறைச் சீனியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறிதளவு கரைந்திருந்தாலும் சிமெண்ட் இறுகுவது தாமதமாகும். சலவைத்தூள் நுரை, கலவைக்குள் காற்றுக் குமிழிகளைச் சேர்த்து வலிமையைக் குறைக்கும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது உப்பிலுள்ள குளோரைடு. அது உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்து, கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அந்த வீட்டில் குடியிருப்பவர் எந்தத் தண்ணீரைக் குறை சொல்வார்? அதனால்தான் ஈ.என். 1008 என்னும் ஐரோப்பியத் தரவிதி, கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைடு என்று வரம்பு கட்டுகிறது. முன்னழுத்தக் கான்கிரீட்டுக்கு அதில் பாதி, 500தான். சுத்திகரிக்காத சாக்கடை நீருக்கு அங்கே இடமே கிடையாது.

கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது லாரி உருளையைக் கழுவிய நீர். கடுமையான காரத்தன்மை கொண்ட அதைக் கால்வாயில் விட்டால் மீன்கள் சாகும். கான்கிரீட்டுக்கோ அது சொந்தத் தண்ணீர் மாதிரி, சிமெண்டே காரம்தானே. தொட்டியில் தெளிய வைத்து மறுபடி கலக்கலாம். அதிலுள்ள வண்டல், சேர்க்கப்படும் மணல், கற்களின் எடையில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

இந்தியாவின் பெங்களூரு 2024 மார்ச்சில் வறட்சியால் தவித்தபோது, கட்டுமானத்துக்குக் குடிநீர் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. தட்டுப்பாடு வந்த பிறகு அவசர அவசரமாக மாறுவதைவிட, ஓய்வாக இருக்கும்போதே சோதித்துப் பழகுவது நல்லது. சோதனையும் எளிதுதான். அந்த நீரில் சில கட்டிகள், வடிநீரில் சில கட்டிகள் வார்த்து, 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் இயந்திரத்தில் நசுக்கிப் பார்க்கிறார்கள். வடிநீர்க் கட்டியின் வலிமையில் 90 விழுக்காடாவது இருந்தால் அந்த நீர் வலிமைச் சோதனையில் தேறிவிடும்.