படப்பையும் பாட்டும்



டாக்டர் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டு அச்சிற்குக் கொண்டுவந்தார். அப்பணியின்போது குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியல் அவரைப் பெரிதும் வருத்தியது. கபிலர் அடுக்கிச் செல்லும் மலர்களை 99 என எண்ணுவது மரபு. கையிலிருந்த ஏடுகளிலோ சில பெயர்கள் சிதைந்து போயிருந்தன. தருமபுர ஆதீனத்து ஏடொன்றைத் தேடிச் சென்றபின்தான் விடுபட்ட மலர்கள் அகப்பட்டன. அந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் எழுதியபோது ஐயரவர்கள் அதற்கு இட்ட தலைப்பு 'உதிர்ந்த மலர்கள்'.

ஏட்டில் உதிர்ந்த மலர் மற்றோர் ஏட்டில் கிடைத்தது. மண்ணில் உதிர்ந்த மலரை எந்த ஏட்டில் தேடுவது? பெயர்கள் அனைத்தும் இன்று அச்சில் பத்திரமாக உள்ளன. ஆயினும் அவற்றுள் சில, எந்தச் செடிக்கு உரியவை என்று துணிய முடியாமல் நிற்கின்றன. பி.எல். சாமி, கு. சீநிவாசன் போன்ற அறிஞர்கள் சங்க நூல்களின் செடிகொடிகளை இனங்காண்பதில் ஆண்டுக்கணக்கில் உழைத்தும், சிலவற்றில் கருத்து வேறுபாடு தீரவில்லை. சொல் இருக்கிறது, பொருள் போய்விட்டது. கவிதை எழுதுவோர் கூடிய அவையில் தோட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிய காரணம் இதுவே.

தோட்டம் என்ற ஒரு சொல்லே இன்று எல்லாவற்றிற்கும் போதுமானதாக இருக்கிறது. பழந்தமிழில் அப்படியன்று. கா, பொழில், தண்டலை, துடவை, கொல்லை, படப்பை எனப் பல உண்டு. நிகண்டுகள் இவற்றை ஒருபொருட் பன்மொழி போல அடுக்கினாலும், வழக்கில் ஒவ்வொன்றுக்கும் தனி நிழல் உண்டு. காக்கப்படுவது கா என்பர். திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா என்று சோழநாட்டு ஊர்ப்பெயர்களில் அது இன்றும் நிற்கிறது. குமரி மாவட்டத்தில் 'விளை' என்று முடியும் ஊர்கள் ஏராளம். ஈழத்தில் வீடும் அதைச் சூழ்ந்த மரங்களும் சேர்ந்ததே 'வளவு'. படப்பை என்பது மனையை ஒட்டிய தோட்டம். தாம்பரத்திலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையில் அப்பெயருடைய ஊர் ஒன்று இருக்கிறது. பேருந்தின் பெயர்ப்பலகையில் அதைப் படிப்பவர்களுள் பொருளை நினைப்பவர் எத்தனை பேரோ!

படப்பை எப்படி இருந்தது என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இரண்டு இடங்களில் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் தண்டலை உழவரின் மனையைச் சொல்லும்போது, தென்னையின் காய்ந்த மடலால் வேய்ந்த கூரை, மஞ்சள் வளர்ந்த முற்றம், மணங்கமழும் படப்பை என வரிசையாகக் காட்டுகிறார். பட்டினப்பாலையில் சோழநாட்டின் வளம் கூறுமிடத்தில் தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என்று எட்டுப் பயிர்களைச் சில அடிகளில் அடக்குகிறார். இந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடைமொழி உண்டு. வாழைக்குக் குலை, கமுகுக்குக் காய், மஞ்சளுக்கு மணம், சேம்புக்குக் கிழங்கு, இஞ்சிக்கு முளை. ஒவ்வொரு செடியிலும் கைக்கு வரும் பகுதி எதுவோ, மூக்குக்கு வரும் மணம் எதுவோ அதையே புலவர் பெரும்பாலும் அடைமொழியாக்கியிருக்கிறார். தூரத்தில் நின்று பார்த்தவருக்கு இது வாய்க்காது. பறித்தவரோ, பறிப்போர் அருகே நின்றவரோதான் இப்படிச் சொல்ல முடியும்.

அந்தப் பட்டியலைத் தோட்டக்காரர் ஒருவர் படித்தால் வேறொன்றைக் காண்பார். தென்னையும் பனையும் கமுகும் மேலே, மா அதற்கடுத்து, வாழை இடையில், மஞ்சளும் இஞ்சியும் சேம்பும் தரையில். மேலே உள்ளவை வெயிலை வாங்கிக்கொள்ள, அரைநிழலைப் பொறுக்கும் மஞ்சளும் இஞ்சியும் கீழே பிழைக்கின்றன. சேம்பு ஈரம் கேட்பது. கிணற்றடி நீரும் அடுக்களை நீரும் ஓடி நிற்கும் இடம் அதற்கு உரியது. குளித்த நீர் வாழைக்குப் போகும். வாழை ஒருமுறை குலை தந்ததும் வெட்டப்படும். வெட்டிய தண்டு கறியானது போக மிஞ்சியது எருக்குழிக்குச் செல்லும். பக்கக்கன்று அடுத்த குலைக்கு நிற்கும். தென்னை மடல் கூரையாகி, மழையில் இற்று, அதுவும் மண்ணுக்கே திரும்பும். புலவர் இதையெல்லாம் விளக்கவில்லை. யாப்புக்கு ஏற்பவே பெயர்களை வரிசைப்படுத்தினார். ஆனால் அவர் கண்ட கொல்லையில் இவை ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதில் ஐயமில்லை.

1978இல் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் பெர்மாகல்ச்சர் என்ற பெயரில் ஒரு நூல் வெளியிட்டார்கள். நிலைத்து நிற்கும் வேளாண்மைக்கு அவர்கள் வகுத்த முறையில், உயர அடுக்குகளும், ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாவதும் முதன்மையானவை. உடனே, 'இது தமிழன் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டது' என்று மேடையில் முழங்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவது நல்லது. சாவகத்தில் 'பெகாரங்கன்' என்ற பெயரில் இத்தகைய வீட்டுத் தோட்டம் இருக்கிறது, கேரளத்தில் இருக்கிறது, இலங்கையின் கண்டிப் பகுதியில் இருக்கிறது. மழையும் வெயிலும் மிகுந்த நாடுகளில் வீட்டோடு வாழ்ந்த மக்கள் பலரும் வந்து சேர்ந்த இடம் அது. தமிழுக்கு உரிய சிறப்பு வேறு: அந்தக் கொல்லையை அது பாட்டில் ஏற்றி வைத்தது.

இன்று நகரங்களில் புதிதாகக் கட்டும் வீடுகளில் கொல்லைப்புறம் பெரும்பாலும் சிமெண்டுத் தளம். முன்புறத்தில் இடமிருந்தால் புல்தரை. புல்தரை கண்ணுக்குக் குளிர்ச்சி; அதன் கணக்கு அத்தனை குளிர்ச்சியன்று. சென்னைக் கோடையில் புல் வாடாதிருக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும். 100 சதுர மீட்டர் புல்தரைக்கு அது 500 லிட்டர். அந்தத் தரை காய்ப்பதில்லை, நிழல் தருவதில்லை, வெட்டிய புல்லைத் தின்ன வீட்டில் மாடும் இல்லை. மறுபுறம், சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் விழும் மழை 1,40,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2019 கோடையில் நகரத்திற்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடங்களோடு மக்கள் லாரிக்குக் காத்து நின்றார்கள். குழி தோண்டுவது சட்டத்தால் முடிந்தது. குளித்த நீர் எங்கே போகிறது என்று கவலைப்பட ஒரு வாழை வேண்டும். அது இல்லாத வீட்டில் நீரைப் பற்றிய நினைவும் குழாயோடு முடிந்துவிடுகிறது.

அழகை மட்டும் நாடியதால் விளைந்த கேட்டுக்கு இரண்டு செடிகளைச் சொன்னால் போதும். உண்ணிச்செடி அமெரிக்க மண்ணுக்குரியது. பூவின் வண்ணத்துக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. வேலி தாண்டி இன்று நீலகிரிக் காடுகளில் அது படர்ந்து கிடக்கிறது. அதன் கீழே புல் முளைப்பதில்லை. புல் இல்லாத காட்டில் மானுக்கு மேய்ச்சல் இல்லை. ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்ததே. குளங்களை அது மூடிக்கிடப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இதைச் சொல்வதால் அயல்நாட்டுச் செடி எல்லாம் பகை என்று கொள்ளலாகாது. மிளகாயும் பப்பாளியும் கொய்யாவும் கடல் கடந்து வந்தவை. சங்கப் புலவர் எவரும் மிளகாயைக் கடித்ததில்லை. அவை வந்து கொல்லையின் உறவில் கலந்துவிட்டன. செடி எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் யாருக்கு இரையாகிறது, யாருக்கு நிழலாகிறது என்பதே கேட்கத் தக்க கேள்வி.

வண்ணத்துப்பூச்சியைப் பாடாத கவிஞர் அரிது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிட்டு, அந்த இலையைத் தின்று வளரும் புழுவே பின்னர்ச் சிறகு விரிக்கிறது. எருக்கிலையை நம்பி வாழும் இனமும் உண்டு. கறிவேப்பிலையில் புழுவைக் கண்டதும் மருந்து தெளிக்கும் வீட்டில், மாலையில் வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்று கவிதை எழுதப்படுவதும் உண்டு!

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் பட்டிமன்றங்கள் பலமுறை கூண்டில் ஏற்றியிருக்கின்றன. ஒரு கொம்பை ஒடித்து ஊன்றினால் ஆகாதா என்பது வழக்கமான கேள்வி. கொடைமடம் என்பது வழக்கமான விடை. கொடி வளர்த்தவர்களுக்குத் தெரிந்த ஒன்று அங்கே பேசப்படுவதில்லை. பற்றுக்கோடு இல்லாத கொடி நுனி தளர்ந்து அலைவதைக் கண்டவர், பிறகு வருவோம் என்று நகர்ந்து போக முடிவதில்லை. கையில் எது இருக்கிறதோ அதைக் கொடுக்கத் தோன்றும். பாரியின் கையில் தேர் இருந்தது.

நொச்சியை எடுத்துக்கொள்ளலாம். மதிலைக் காத்து நிற்போர் சூடும் பூ அது. மதில் காவலுக்கே அதன் பெயர் ஆயிற்று. கிராமத்தில் நொச்சி வேலிச்செடி. ஆடும் மாடும் அதன் இலையைக் கடிப்பதில்லை. ஆதலால் உள்ளே உள்ள பயிருக்கு அது அரண். தானியக் குதிரில் பூச்சி வராமலிருக்க அதன் தழையை இடுவர். சளி பிடித்தால் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பர். தோட்டத்தைக் காக்கும் செடியையே கோட்டையைக் காக்கும் வீரனுக்கும் சூட்டியது தற்செயல் என்று தோன்றவில்லை. நொச்சி வேலியைப் பார்த்தறியாத மாணவனுக்கு நொச்சித்திணையை விளக்கும் தமிழாசிரியரின் பாடு இரங்கத்தக்கது. அவர் மதிலை விளக்கலாம், போரை விளக்கலாம், அந்தப் பூ ஏன் என்பதை எப்படி விளக்குவார்?

கோயில்கள் இந்த உறவைச் சிலகாலம் காத்தன. சோழர் கல்வெட்டுகளில் நந்தவனத்துக்கு நிலம் விட்டது மட்டுமன்றி, அதில் உழைப்போருக்கும் மாலை தொடுப்போருக்கும் நிவந்தம் வைத்ததும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தோட்டம் என்றால் தோட்டத்தில் உழைப்பவனுக்குச் சோறும் சேர்த்துத்தான் என்பது அக்காலத்தார் அறிந்தது. ஊருக்கொரு தலமரமும் இருந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம், உப்புநீர் பாயும் சேற்றில் வளர்வது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. இன்று அம்மரத்தைக் காண விரும்புவோர் நகரத்துக்குள் தேடிப் பயனில்லை. சில கல் தொலைவில் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டும். ஊர் பெயரை வைத்துக்கொண்டது; மரம் கடலோரத்தில் நிற்கிறது.

நற்றிணையில் ஒரு புன்னை உண்டு. தோழியர் வெண்மணலில் அழுத்தி விளையாடி மறந்துபோன விதை முளைக்கிறது. அதற்கு நெய்யும் பாலும் வார்த்து வளர்க்கிறார்கள். 'இது உனக்குத் தங்கை முறை. உன்னிலும் சிறந்தவள்' என்று தாய் சொல்லிவிடுகிறாள். பின்னொரு நாள் காதலன் வரும்போது, தங்கை நிழலில் நின்று அவனோடு சிரித்துப் பேசத் தலைவிக்கு நாணமாக இருக்கிறது. இதைக் கற்பனை நயம் என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். விதை போட்ட நாளும், நீர் வார்த்த கையும், வளர்ந்த உயரமும் ஒரு வீட்டாருக்கு நினைவிருந்தால் அங்கே மரம் உறவாவதற்குப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. நாற்றுப்பண்ணையில் ஆளுயரத்தில் வாங்கி, ஒரே நாளில் வரிசையாக நட்டு, ஒப்பந்தக்காரர் நீரூற்றும் மரத்தைத் தங்கை என்று அழைக்கத்தான் கற்பனை வேண்டும்.

இவ்வமைப்புக்கு வயது பத்து. தொடக்க நாளில் ஒரு நெட்டைத் தென்னை வைத்திருந்தால் அது இதற்குள் காய்த்திருக்கும். பனை வைத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். உறுப்பினர் பலர் மாடிக் குடியிருப்பில் வாழ்பவர்கள். படப்பைக்கு எங்கே போவது என்று அவர்கள் கேட்பது நியாயமே. மொட்டைமாடியில் தென்னை ஆகாது. ஆனால் ஒரு சாக்கில் மண்ணும் சருகும் நிரப்பி மஞ்சள் கிழங்கு ஊன்றலாம். சித்திரையிலோ வைகாசியிலோ ஊன்றினால் தையில் வெட்டலாம். உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் வேரடியில் மூடாக்காகப் பரப்பலாம்; மண் காயாது, நீரும் குறைவாகச் செல்லும். காந்தளை விரும்புவோர் அதன் கிழங்கும் விதையும் நஞ்சு என்பதை மறக்கலாகாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். நொச்சிக்கு விதை தேட வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் முற்றிய போத்து ஒன்றை ஒடித்து, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றினால் போதும்; கார்த்திகைக்குள் துளிர்த்துவிடும்.