எக்ஸ்ரே நல்லா இருக்கு, வலி மட்டும் போகலையா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இடுப்பு வலின்னா, "குனிஞ்சு வேலை செஞ்சா வலிக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். வேலையால் வரும் வலி படுத்தால் குறையும். முதுகெலும்பு வாதம் அப்படியில்லை. படுத்திருந்தால் கூடும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைப்பா இருக்கும், நடமாடினால் இளகும். பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும். பெண்களுக்கும் வரும்.

எலும்பு அரித்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். அதற்குச் சில வருஷம் ஆகலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இடுப்பு மூட்டெலும்புக்குள் இருக்கும் அழற்சியை முன்னாடியே காட்டிவிடும். அதில் கதிர்வீச்சு கிடையாது, சத்தம்தான் அதிகம். உடம்புக்குள் பேஸ்மேக்கர், உலோகத் தகடு இருந்தால் சொல்லிடணும். நகை கூடாது. தாலியைக் கழற்ற மனசு வரலையா? கயிற்றில் மஞ்சள் கட்டிக்கொண்டு போங்க.

எல்லா முதுகுவலிக்கும் ஸ்கேன் தேவையில்லை. இந்த மாதிரி வலி மூணு மாசத்துக்கு மேல் இருந்தால், "எக்ஸ்ரே சரியா இருக்கு" என்றதோடு நிறுத்தாதீங்க; மூட்டுவாத மருத்துவரிடம் கேளுங்க. வட்டிக்கு வாங்கும் முன் காப்பீட்டு அட்டையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிங்க. சீக்கிரம் கண்டுபிடித்தால் முதுகு வளையாமல் காப்பாற்ற வழி இருக்கு.